நாலு பேரும் ஒரு சுவரும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோருக்குப் பொம்மையார்பாளையம் கண்ணில் பட்டு மறைந்துவிடும் ஒரு கடலோர ஊர். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. தமிழ் பயின்றோர்க்கோ இது வேறொரு பெயரால் நெருக்கமானது. மயிலத்தில் விளங்கும் வீரசைவ ஆதீனத்தைப் ‘பொம்மபுர ஆதீனம்’ என்கிறோமே, அந்தப் பொம்மபுரம் இவ்வூர்தான். ‘கற்பனைக் களஞ்சியம்’ எனப் போற்றப்படும் துறைமங்கலம் சிவப்பிரகாசர் வந்து தங்கிய மண். நன்னெறியையும் பிரபுலிங்க லீலையையும் பாடிய அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு.

பொம்மபுரத்தில் எழுந்தருளியிருந்த சிவஞான பாலைய சுவாமிகள்மீது பாடுமாறு சாந்தலிங்க அடிகள் சிவப்பிரகாசரிடம் கூறினாராம். மனிதரைப் பாடுவதில்லை என்பது சிவப்பிரகாசரின் உறுதி. அவர் மறுத்துவிட்டார். பின்னர் முருகப்பெருமான் கனவில் தோன்றிச் சுவாமிகளின் பெருமையை உணர்த்திய பிறகே, தாலாட்டும் தூதுமாகப் பாடத் தொடங்கினார் என்பர். கனவு நிகழ்ந்ததா என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டா. மனிதர் மெச்சுவதற்காக நாவை அசைப்பதில்லை என்னும் உறுதியைத் தமிழ்ச் சமூகம் ஒரு புலவனின் உயர்ந்த இலக்கணமாகக் கொண்டிருந்தது. இக்கதை நமக்குச் சொல்வது அதுவே.

இதே சிவப்பிரகாசர் ‘ஏசுமத நிராகரணம்’ என்றொரு மறுப்பு நூல் இயற்றினார் என்றும் கூறுவர். அது முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. வகுப்பில் இச்செய்தியைச் சொன்னபோது மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஐயா, அவர் மறுத்த அந்தச் சமயத்திலும், மனிதர் மெச்ச வேண்டா, கடவுள் மெச்சினால் போதும் என்று நின்றவர்கள் உண்டா?” உண்டு என்று உடனே சொல்லிவிட்டோம். எத்தனை பேர், யார்முன் நின்றார்கள் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் விடை அவ்வளவு எளிதன்று என்பது புலனாயிற்று. அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

அந்தியோக்கியாவின் பந்தி

மனிதரைப் பிரியப்படுத்துவதா, கடவுளைப் பிரியப்படுத்துவதா என்னும் கேள்வியைக் கிறித்தவ மறைநூலில் கூர்மையாக எழுப்புபவர் பவுலடியார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் முதல் இயலிலேயே அக்கேள்வி வந்துவிடுகிறது. மேடைகளில் அதை எடுத்துக்காட்டுவோர் பலர். அக்கேள்வி எந்தச் சூழலில் பிறந்தது என்பதைச் சொல்வோர் சிலரே.

அடுத்த இயலைப் படித்தால் சூழல் விளங்கும். அந்தியோக்கியா நகரில் பேதுரு, யூதரல்லாத புறவினத்தாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து, யாக்கோபின் பக்கத்திலிருந்து, சிலர் வந்தனர். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தில் பேதுரு மெல்லப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைக் கண்டு பிறரும் விலகினர். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார்.

இங்கே பேதுரு யாருக்கு அஞ்சினார் என்பதை நோக்குக. அரசனுக்கன்று, உரோமப் படைக்கன்று. தம் சொந்த இனத்து ‘நாலு பேருக்கு’ அஞ்சினார். நம் வீடுகளில் ஒவ்வொரு நாளும் ஒலிக்கும் ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதுதான் அந்த அச்சம். அவர்கள் முன் அவர் கைவிட்டதும் ஒரு பெரிய கோட்பாட்டை அன்று. யாரோடு அமர்ந்து உண்பது என்பதை. ஆகவே மனிதர் ஒப்புதலா, இறை ஒப்புதலா என்னும் கேள்வி கிறித்தவத்தில் தொடக்கத்திலேயே பந்தியைப் பற்றிய கேள்வியாக இருந்தது. தமிழகத்திற்கு வந்தபோது அது சாதியைப் பற்றிய கேள்வியானதில் வியப்பில்லை.

புதுவையில் பிறந்த ஆணை

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டு, காவியுடுத்து, மரக்கறி உண்டு, துறவியாக வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக வழக்கங்கள்; அவற்றை விடாமலே ஒருவர் கிறித்தவராகலாம் என்பது அவர் வாதம். தமிழை அவர் மதித்த மதிப்பும், உரைநடைக்கு அவர் ஆற்றிய பணியும் மறுக்கவொண்ணாதவை. ஆயினும் உயர்ந்தோர் எனப்பட்டவரின் மதிப்பைப் பெறுவதற்கு அவர் கொடுத்த விலை ஒன்றுண்டு. தாழ்த்தப்பட்டோரிடமிருந்து வெளிப்படையாக விலகியிருப்பதே அவ்விலை. அவர்களிடையே பணி செய்யப் பண்டார சாமிகள் என்னும் வேறொரு வகைக் குருக்கள் பின்னர் அமைந்தனர்.

இம்முறை சரியா என்னும் வழக்கு உரோமாபுரி வரை சென்றது. அதை விசாரிக்கத் திருத்தந்தையின் தூதராக 1703 நவம்பரில் புதுச்சேரிக்கு வந்திறங்கினார் சார்ல் தோமா மைலார் தெ தூர்னோன். அப்போது அவர் தாங்கியிருந்த பட்டம் ‘அந்தியோக்கியாவின் மறைமுதுவர்’ என்பது. வெறும் பட்டம்தான், ஆயினும் பேதுருவும் பவுலும் பந்தியைக் குறித்து மோதிக்கொண்ட அதே ஊரின் பெயரைத் தாங்கியவர், அதே கேள்வியைத் தீர்க்கப் புதுவைக்கு வந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1704 சூன் 23 நாளிட்ட அவரது ஆணை பதினாறு பிரிவுகளைக் கொண்டது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. கிறித்தவ இசைக்கலைஞர் கோயில் விழாக்களில் வாசிக்கலாகாது. மாதவிலக்கான பெண்களைத் திருச்சபைக்குள் வராமல் தடுக்கக்கூடாது என்று அது அடுக்கிச் செல்கிறது. இவற்றுள் பண்பாட்டைப் புரிந்துகொள்ளாத அயலாரின் கடுமை தெரிகிற பிரிவுகளும் உண்டு. ஆனால் ஒரு பிரிவு எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கிறது. நோயுற்ற பறையரின் குடிசைக்குக் குருமார் நேரில் சென்று அருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்பதே அது. சாகக் கிடக்கும் ஒருவனின் வீட்டு வாசலைக் குருவானவர் மிதிக்கலாமா என்பது, ஆணையிட்டுத் தீர்க்கவேண்டிய ஐயமாக அன்று இருந்திருக்கிறது.

ஆணை பிறந்தது, நடைமுறையோ நாற்பது ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போயிற்று. 1744 செப்டம்பர் 12 அன்று பதினான்காம் பெனடிக்ட் திருத்தந்தை தம் மடல் வழியாக அதை மீண்டும் உறுதிசெய்தார். அப்போதும் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. பறையர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்திவிடுவோம். அவர்கள் குடிசைக்குப் போவார்கள், மற்றவர்கள் போகவேண்டா! ஆணையின் சொல் காப்பாற்றப்பட்டது. ஆணையின் பொருள் வாசலிலேயே நின்றுவிட்டது.

1745: ஒரு சுவர், ஒரு விருந்து

அடுத்த ஆண்டு புதுச்சேரியில் நடந்தவற்றை அறிய நமக்கொரு சிறந்த சாட்சி இருக்கிறார். 1736 தொடங்கி 1761-இல் இறக்கும் தறுவாய் வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைதான் அவர். அவர் கிறித்தவர் அல்லர். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷாக இருந்த கிறித்தவர் கனகராய முதலியார்மீது அவருக்குப் போட்டியுணர்வும் இருந்தது. இதை மனத்தில் கொண்டே அவரைப் படித்தல் வேண்டும்.

புதுவைத் தேவாலயத்தின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு பக்கம் பறையர்; மறுபக்கம் மற்றச் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியரும். 1745 அக்டோபரில் பிள்ளை எழுதுவதிலிருந்து தெரியவருவது இது: பறையர்கள் கூடிச் சென்று குருவானவரிடம் முறையிட்டனர். நாங்களும் உங்கள் சீடர்களாக இருக்க, கடவுளின் முன்னிலையில் இந்த வேற்றுமை எதற்கு என்பது அவர்கள் கேள்வியின் சாரம். அந்த முறையீட்டில் நியாயம் கண்ட குருவானவர் சுவரை இடிக்கச் செய்தார். எல்லாரும் தம் பிள்ளைகளே என்றும், விரும்பிய இடத்தில் அமரலாம் என்றும் கூறினார்.

சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். கோயிலுக்கு வரமாட்டோம் என்னும் அளவுக்குப் பேச்சு முற்றிற்று. கனகராய முதலியாரும் அவர் உறவினரும் அவர்கள் பக்கம் நின்றனர். ஆளுநர் தூப்ளே தலையிட்டு, கூட்டம் கூடுவதை எச்சரிக்கும் நிலை ஏற்பட்டது. சுவர் ஒருமுறை விழுந்தது உண்மை. எனினும் பிரிவினை அத்தோடு ஒழியவில்லை; வேறு வடிவங்களில் நெடுங்காலம் தொடர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் இறைவனின் பெயரைச் சொல்லிப் பேசியவர்கள் யார்? மறைநூல் கற்றவர்களோ, கும்பினியில் பதவி வகித்தவர்களோ அல்லர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட, சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்ட மக்கள். பவுல் பேதுருவிடம் கேட்டதை, அந்தக் கடிதத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லாதவர்கள் புதுவையில் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நம் நினைவில் இல்லை. சுவரைக் காக்க நின்றவரின் பெயர்களோ பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்டன.

அதே 1745-இல் நடந்த இன்னொரு நிகழ்ச்சியையும் பிள்ளை வரைந்திருக்கிறார். கனகராய முதலியார் உழவர்கரையில் ஒரு தேவாலயம் கட்டி, அதற்காகப் பெருவிருந்து வைத்தார். பார்ப்பனர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், பொற்கொல்லர், நெசவாளர் என ஊரே அழைக்கப்பட்டது. பார்ப்பனச் சமையற்காரரைக் கொண்டு தனிச் சமையல். வேளாளர்க்குத் தனி இடம். ஐரோப்பியர்க்குப் புதுவையிலிருந்து சமைத்துக் கொண்டுவரப்பட்ட உணவு. ஆளுநரும் மனைவியும் வந்திருந்தனர். ஒவ்வொரு சாதியின் ஆசாரமும் வழுவாமல் காக்கப்பட்டது. ஒருவர்க்கும் குறையில்லை.

பிள்ளைக்கு மட்டும் குறை தெரிந்தது. இவ்வளவு செலவு செய்தும் இவ்விருந்து கிறித்தவர் முறைக்கும் பொருந்தவில்லை, இந்துக்கள் முறைக்கும் பொருந்தவில்லை என்னும் போக்கில் அவர் எழுதிச் செல்கிறார். போட்டியாளரின் கண் என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் ‘ஊர் மெச்ச’ எடுக்கப்படும் விழாவின் வெறுமையை ஒரு பிற சமயத்தவர் இத்துணைத் துல்லியமாகக் கண்டதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. கடவுளுக்குக் கோயில், பந்தியோ நாலு பேருக்கு. முதலியார் அடுத்த ஆண்டே, 1746-இல், காலமானார்.

அதே ஆண்டில், தெற்கே

1745-ஐ விட்டு அகலுமுன் தெற்கே ஒருமுறை நோக்குவோம். அவ்வாண்டு மே 14 அன்று, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரான தெ லனாய் வழியாக இந்நம்பிக்கையை அறிந்தவர் அவர். எல்லாச் சாதியினரோடும் வேறுபாடின்றிப் பழகியது அவர்மீது பகையை வளர்த்தது என்பது திருச்சபை வழங்கும் வரலாறு. 1749-இல் சிறை, எருமைமீது ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தல், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. 2022 மே 15 அன்று உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது ‘பிள்ளை’ என்னும் பின்னொட்டு நீக்கப்பட்டிருந்தது.

அரசனின் தயவும் உறவின் மதிப்பும் ஒருசேர இழந்து நின்றவர் இவர். நம் மாணவர் கேட்ட கேள்விக்கு நேர்விடை இவரே எனலாம். ஆயினும் அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திற்குப் பின்னர் என்ன நேர்ந்தது? 1872-இல் அங்கு முடிந்த தேவாலயம் விசித்திரமானது. இரண்டு நீண்ட கூடங்கள் பீடத்தருகில் மட்டும் கூடும். வெள்ளாளர் முதலியோர் ஒரு கூடத்தில், நாடார் மறு கூடத்தில். கால்சட்டை போன்ற அமைப்பாதலால் ‘கால்சட்டைக் கோயில்’ என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டது. 1910-இல் கௌசானல் அடிகளார் தடுப்பை இடித்தார். வெள்ளாளர் நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் உரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை. தேவசகாயத்தின் ஊரிலேயே, அவரைக் கொண்டாடிய மக்களே, சுவருக்காக வழக்காடினர் என்பது நம்மைச் சிந்திக்கவைக்கிறது.

அரசனுக்கு அஞ்சாத புலவர்

சீர்திருத்தத் திருச்சபைக்குள்ளும் இதே முரண் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைக்குத் தந்தை போன்றவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். சுவார்ட்சு ஐயரிடம் சரபோசி மன்னரோடு உடன் பயின்றவர். தம் தெய்வத்தைப் பாடுமாறு மன்னர் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார் என்று ஒரு செய்தி தஞ்சையில் வழங்குகிறது. பொம்மபுரத்துச் சிவப்பிரகாசர் கதையின் கிறித்தவ வடிவம் என்றே இதைக் கொள்ளலாம். மன்னரும் பெருந்தன்மையோடு அவரை ஆதரித்தே வந்தார்.

ஆனால் 1820-களில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிகள், சாதி வேறுபாடின்றிக் கலந்து அமரவேண்டும், நற்கருணையில் ஒரே கிண்ணத்தில் அருந்தவேண்டும் என்றபோது சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். தமிழிசையையும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பையும் அவர்கள் ஒதுக்க முற்பட்டதும் அவர் சினத்துக்குக் காரணம். அதில் நியாயம் அவர் பக்கமே இருந்தது. ஆயினும் அந்த நியாயத்தோடு சாதி ஆசாரத்தையும் சேர்த்து முடிந்துகொண்டார். 1829-இல் திருச்சபைப் பணியை இழந்தார். 1833-இல் ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி அறவே கூடாது எனச் சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் திரளானோர் திருச்சபையை விட்டே விலகினர்.

சாஸ்திரியாரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அவர் பாடல்களை நாம் மதிக்கிறோம். வகுப்பில் பாடமாகவும் நடத்துகிறோம். அரசவையின் பரிசில் அவரை வளைக்கவில்லை. உறவின் முகம் வளைத்துவிட்டது. அதைவிடவும் நுட்பமான உண்மை ஒன்றுண்டு. தாம் கடவுளுக்கே கீழ்ப்படிவதாகவும், மிஷனரிகளாகிய மனிதரின் கட்டளையையே மறுப்பதாகவும் அவர் உளமார நம்பியிருக்க வேண்டும். ‘மனிதருக்கு அன்று, கடவுளுக்கே அஞ்சுகிறேன்’ என்னும் சொல் சுவரை இடித்தவர் வாயிலும் வரும். கட்டியவர் வாயிலும் வரும்.

எப்படி அறிவது?

அவ்வாறாயின் எது இறை ஒப்புதல், எது நாலு பேர் ஒப்புதல் என்று பிரித்தறிவது எங்ஙனம்? நாம் இறையியல் கற்றவர் அல்லோம். வரலாற்றில் கண்டதை மட்டும் வைத்து ஒரு கருத்தை முன்வைக்கிறோம். ஒருவர் எந்த முடிவைக் கடவுளின் பெயரால் எடுக்கிறாரோ, அம்முடிவினால் அவர் சொந்தக் கூட்டத்தின் மதிப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்கலாம். தேவசகாயத்துக்குக் குறைந்தது. சுவரை இடித்த புதுவைக் குருவானவர்க்கும் குறைந்தது. உழவர்கரை விருந்தில் முதலியார்க்கு அது கூடிற்று. இழப்பு மட்டுமே இறை ஒப்புதலுக்குச் சான்றாகிவிடாது. சாஸ்திரியாரும் பணியை இழந்தவர்தாம். ஆயினும் அவரை உறவினர் கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். இரண்டாவது அளவுகோல் பந்தி. அம்முடிவுக்குப் பின் பந்தி நீள்கிறதா, சுருங்குகிறதா? அந்தியோக்கியாவில் பவுல் பார்த்தது அதைத்தான்.

இவையெல்லாம் பழங்கதை என்று மூடிவைக்க இயலாது. பொம்மையார்பாளையத்துக்கு அருகிலுள்ள புதுவையே புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் தலைமையிடம். அம்மறைமாவட்டத்தில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கிய எறையூரில், தலித் கிறித்தவர் தமக்குத் தனிப்பங்கு கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். 2008 மார்ச் 9 அன்று அது கலவரமாகிக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர். இறந்தவரும் கிறித்தவர், எதிரே நின்றவரும் கிறித்தவர். 1745-இல் சுவரை இடிக்கச் சொன்னவர்களின் வழிவந்தோர், இருநூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் தனிக்கோயில் கேட்க நேர்ந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரே பந்தியில் இடம் கிடைக்கும் என்னும் நம்பிக்கை அவர்களுக்கு அற்றுப்போயிருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

இதைக் கிறித்தவரின் குறையாக மட்டும் எண்ணி மற்றவர் மகிழ்வதற்கும் இடமில்லை. சுவர் எந்தச் சமயத்தின் செங்கல்லாலும் எழும். சாதி கடந்த வீரசைவத்தைப் போற்றிப் பாடிய மண்ணில் வாழும் நாம், நம் திருமணப் பத்திரிகைகளையும் பந்தி வரிசைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

அந்த மாணவருக்கு மறுநாள் சொன்ன விடை இதுவே: “தம்பி, உண்டு. ஆனால் அரசன்முன் நின்றவர்களை மட்டும் தேடாதே. தம் சொந்தச் சனத்தின் முன் நின்றவர்களைத் தேடு. அவர்கள் மிகச் சிலர்.” அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “புதுவைக் கோயிலில் போய்க் கேட்டார்களே, அவர்கள் பெயர் எங்காவது இருக்கிறதா ஐயா?” என்றார்.

இல்லை என்றோம். சிவப்பிரகாசர் மனிதரைப் பாடமாட்டேன் என்றவர். பின்னர் ஒருவரைப் பாடினார். பாடத்தக்க மனிதர் சிலர் பெயரின்றியே போயிருக்கின்றனர்.